போன பொங்கலுக்கு எங்கே பொங்கல் வைத்தீர்கள்?

செய்தி வந்தபோது நான் காளவாசலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். கைப்பேசியில் 'மும்தாஜ் அக்கா வீடு' என்று பெயர் வந்தது. அந்த எண்ணிலிருந்து அக்கா எனக்குப் பேசியதில்லை. அவருக்குத் தனி எண் உண்டு. எடுத்தபோது மறுமுனையில் இருந்தவர் பேச்சியம்மாள்.

"மும்தாஜு போயிருச்சு தாயி. காலையில குடிக்க வெந்நி கேட்டுச்சு. நான் கொண்டு வாரதுக்குள்ள போயிருச்சு. நெஞ்சுதாங்கிறாக" என்றார்.  பிறகு, மாலை அசர் தொழுகை முடிந்து அடக்கம், அதற்குள் வந்துவிடு என்றார். வாடிப்பட்டிக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்து, வயல் வேலையில் வயது கழிந்த ஓர் இந்துப் பெண், மும்தாஜ் அக்காவின் வீட்டுத் தொலைபேசியில் அசர் நேரம் சொல்வது எனக்கு விநோதமாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த நினைவுக் குறிப்பை எழுத ஒப்புக்கொண்டேன்.

தெற்குவாசல் பக்கம் உள்ள அந்த வீட்டுக்கு நான் போனபோது, அக்காவின் மூத்த சகோதரி நூர்ஜஹான் உறவுப் பெண்களுக்கு நடுவே அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஊராக இருந்தால் அந்நேரம் ஒப்பாரி தெருவைத் தாண்டியிருக்கும். இந்த வீட்டில் அது வழக்கமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஜனாஸா அடக்கத்துக்குக் கிளம்பிய பிறகு, வெளியூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் படியைப் பார்த்து, "அந்தம்மா யாரு?" என்று கேட்டார். அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. 

மும்தாஜ் அக்காவை நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் வைத்து அறிந்திருப்பீர்கள். மருத்துவமனைப் பதிவறைகளில், ஆய்வகங்களில், மாநகராட்சியின் இறப்புப் பதிவுப் பிரிவில். எல்லா இடத்திலும் அவர் ஒரே ஆள்தான்: உரத்த குரல், பெரிய கைப்பை, எதற்கும் ஒரு பதில். நான் அவருக்குப் பத்தடி தள்ளிக் கணினிக்கு முன்னால் அமர்ந்திருந்தவள். எங்களுக்குள் நெருக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் என்னைப் 'பாப்பா' என்று அழைப்பது எனக்குப் பிடிக்காது. நான் மதியச் சாப்பாட்டின்போது புத்தகம் படிப்பது அவருக்குப் பிடிக்காது. "சோறு உன்னயப் பாத்துக்கிட்டு இருக்கு, நீ எங்கயோ பாக்குற" என்பார்.

எங்கள் அலுவலகத்தின் வேலையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு பகுதியில் வாழ்பவர்களில் புதிதாக யாருக்கெல்லாம் புற்றுநோய் வருகிறது, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று நாங்கள் கணக்கெடுக்கிறோம். நாட்டின் பல பகுதிகளில் இப்படிப் பதிவகங்கள் உண்டு. அந்தக் கணக்குகள் சேர்ந்துதான் தேசியக் கணக்கு ஆகிறது. நாங்கள் மருந்து கொடுப்பதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. ஒருவர் ஒருமுறைதான் எண்ணப்பட வேண்டும். நோய் கண்டறியப்பட்ட காலத்தில் அவர் எந்த ஊரில் வாழ்ந்தாரோ அந்த ஊரில் எண்ணப்பட வேண்டும். சிகிச்சைக்கு வந்து தங்கிய ஊரில் அல்ல. விதி எளிது. மதுரையில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. சுற்றியுள்ள சமவெளி முழுவதும் நோய் என்றால் மதுரைக்குத்தான் வருகிறது. வருகிறவர்கள் சித்தப்பா வீட்டில், சம்பந்தி வீட்டில், தெரிந்தவரின் மாடியில் தங்குகிறார்கள். மருத்துவமனை வரவேற்பில் முகவரி கேட்டால் அந்த வீட்டைச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அன்றைக்கு அதுதான் அவர்களுடைய முகவரி.

இதற்கு மும்தாஜ் அக்கா ஒரு கேள்வி வைத்திருந்தார். அது எங்கள் கையேட்டில் இல்லை. முதன்முதலாக அவர் அதைக் கேட்டு நான் பார்த்தது, வீட்டு விசாரிப்புக்கு அவரோடு போன ஒரு நாள், திருப்பரங்குன்றத்தில், மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு முதியவரிடம். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு மகன்தான் பதில் சொன்னார்: ரொம்ப நாளாக, எங்களோடுதான். அக்கா மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரியவரிடம், "ஐயா, போன பொங்கலுக்கு எங்க பொங்கல் வச்சீங்க?" என்றார். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர்லதான். நம்ம வீட்டு வாசல்ல. வேற எங்க வைப்பாங்க?" என்று ஆரம்பித்து மாடு, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் சொன்னார். அவர் வைகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாவட்டத்துக்காரர். எங்கள் கணக்கிலிருந்து நீங்கினார்.

முஸ்லிம் வீடுகளில் அதே கேள்வி 'போன நோன்புப் பெருநாளுக்கு எங்க தொழுதீங்க' என்று மாறும். எந்த வீட்டிலும் அது கடந்த பண்டிகையைப் பற்றித்தான் இருக்கும். ஒருமுறை நான் 'வர்ற பொங்கலுக்கு எங்கே இருப்பீர்கள்' என்று ஒரு நோயாளியிடம் கேட்டுவிட்டேன். தெருவுக்கு வந்ததும் அக்கா நின்றார். "வரப்போற பொங்கல யாரு கண்டா பாப்பா? போன பொங்கலக் கேளு. அது ஒண்ணுதான் அவங்ககிட்ட இருந்து யாரும் பிடுங்க முடியாதது."

அந்தக் கேள்வி எப்போதும் சரியாக வேலை செய்தது என்று சொல்லமாட்டேன். கட்டட வேலைக்கு வந்து பல ஆண்டுகளாக மதுரையிலேயே குடியிருக்கும் குடும்பங்கள் பொங்கலுக்குத் தவறாமல் ஊர் போகின்றன. அக்காவின் கேள்விப்படி அவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அப்படிச் சிலரை அவர் விட்டுவிட்டதை நான் எடுத்துக் காட்டினேன். சில நாட்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மதியம் என் மேசைக்கு வந்து, "சரி. வாடகை எங்க குடுக்குறீங்கன்னும் கேப்போம். ஆனா முதல்ல பொங்கல். வாடகையக் கேட்டா வாய மூடிக்குவாங்க" என்றார். அதுதான் எங்களுக்குள் ஏற்பட்ட ஒரே உடன்படிக்கை.

அவருடைய இன்னொரு பேச்சும் நினைவில் இருக்கிறது. இறப்புப் பதிவுகளில் காரணம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வராது. "உடம்பு சரியில்லாம யாரும் சாகுறதில்ல. ஏதோ ஒண்ணுக்குப் பேரு சொல்லக் கூசுறாங்க" என்பார். கூசுவதை அவர் குறை சொன்னதில்லை. அந்த வீட்டைத் தேடிப் போவார். சில வேளை வெறும் மோர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: தன் சொந்தத் தெருவில் உள்ள நோயாளிகளின் விவரத்தை எந்த ஊழியரும் தொடக்கூடாது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தன் நோய் உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தால், அவர் உங்கள் முன்னால் குடம் எடுத்துக்கொண்டு வரமாட்டார். இந்த வழக்கத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்ததே மும்தாஜ் அக்காதான். ஆகவே அவருடைய தெரு அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது. அதை வேறொரு ஊழியர், பாண்டி அண்ணன், பார்த்துவந்தார்.

ஓர் ஆண்டு, நோயாளிகளின் இருப்பிடங்களை நான் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டபோது, பழைய நகரத்தின் ஒரு குறுகிய தெருவில் புள்ளிகள் குவிந்து நின்றன. அக்கம்பக்கத்துத் தெருக்களில் அங்கொன்று இங்கொன்று. இந்தத் தெருவில் மட்டும் ஈ மொய்த்ததுபோல். அந்தத் தெருவில் பித்தளைச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு பட்டறை இருந்தது. அமிலமும் புகையும் உள்ள தொழில். எங்கள் தலைமை மருத்துவர் இரண்டு பேரை அனுப்பி, என்ன பயன்படுத்துகிறார்கள், கழிவு எங்கே போகிறது என்று விசாரிக்கச் சொன்னார். அவர் செய்தது முறைதான். ஆனால் இரண்டு அந்நியர்கள் ஒரு பட்டறையின் சாக்கடையைக் குனிந்து பார்த்தால் தெரு சும்மா இருக்குமா? அன்று மாலைக்குள் பட்டறை நோயைப் பரப்புகிறது என்று பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பட்டறைக்காரர் காதர் பாய், இதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என்று அதே தெருவிலிருந்த மும்தாஜ் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்க ஆபீஸ்காரங்க வந்து மோந்து பாத்துட்டுப் போறாங்களேம்மா. நான் யாரு குடியக் கெடுத்தேன்?"

மறுநாள் காலை அக்கா நேராக என் மேசைக்கு வந்தார். வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். அது உங்கள் தெரு, காட்டக்கூடாது என்றேன். "பேரு வேணாம், வயசு வேணாம். கதவு நம்பர் மட்டும் சொல்லு" என்றார். தலைமை மருத்துவரிடம் போய் அனுமதி வாங்கி வந்தேன். அவரும் கூடவே எழுந்து வந்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கதவு எண்ணைப் படித்தேன். ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது எங்க வீடு மேடம்" என்றார். "எங்க வீட்ல நானும் எங்க அக்காவும். ரெண்டு பேருக்கும் சர்க்கரை. வேற ஒண்ணும் இல்ல."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுடைய மாடியில் ஓர் அறை உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தினமும் வரவேண்டிய வெளியூர்க்காரர்களை அக்கா அங்கே தங்கவைத்து வந்திருக்கிறார். மருத்துவமனை வராண்டாவில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அவரால் தூங்க முடியவில்லை. அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். அவர்களுடைய ஊர்த் தொலைபேசிகள் பாதி நேரம் எடுக்கப்படாது என்பதால், மருத்துவமனையில் தன் வீட்டு எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் எண்ணோடு முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பாண்டி அண்ணன் சரிபார்க்க அந்த எண்ணை அழைத்தபோதெல்லாம் எடுத்தவர் நூர்ஜஹான். மறுத்துச் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, யாரைக் கேட்டாலும் அவர் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்: "இங்கதான் இருக்காங்க."

"பாய் வீட்ல கருப்பாயி, பேச்சியம்மா, மொக்கச்சாமின்னு வருதேன்னு யோசிச்சேன்" என்றார் பாண்டி அண்ணன். "சரி, மாடியில வாடகைக்கு விட்ருக்காகன்னு நெனச்சேன் மேடம்." யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நோயாளிகளின் விவரத்தைக் கையாளும் ஊழியர் அவர்களைத் தன் வீட்டில் தங்கவைக்கக் கூடாது; இது வெளியே போனால் மருத்துவமனைகள் தங்கள் பதிவறைகளை நமக்கு மூடிவிடும். அறையை மூட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். அக்காவுக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். வாய் திறக்காமல் இருந்திருந்தால் அறை தப்பியிருக்கும். காதர் பாயின் பட்டறை போயிருக்கும். தெரிந்துதான் கதவு எண்ணைக் கேட்டார்.

"மூடிர்றேன் மேடம். இருக்கிறவங்க வைத்தியம் முடியட்டும்" என்றார். பிறகு, "பேச்சியம்மா மட்டும் இருப்பாங்க. அவங்க தங்க வந்தவங்க இல்ல" என்றார்.

அப்படியென்றால் அவர் யார் என்று மருத்துவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மும்தாஜ் அக்காவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

நோயாளியின் பெயரை வெளியே சொல்லாதது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. பேச்சியம்மாளைப் பற்றி அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கேட்டபோது, "எம் பேரப் போட்டா என்ன? நான் என்ன ஆடு களவாண்டுட்டா வந்தேன்?" என்றார். மார்பில் கட்டி வந்து மதுரைக்கு வந்தவர். அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து குணமாகி ஊருக்குப் போனார். சில நாட்களில் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டார். மருமகள் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டாராம். தொற்றுகிற நோய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு மும்தாஜ் அக்காவின் மாடியறையிலேயே இருந்தார்.

அந்தத் தெருவின் புள்ளிகளைச் சரியான ஊர்களுக்குத் திருப்பும் வேலை எனக்கும் பாண்டி அண்ணனுக்கும் வந்தது. பேருந்து பேருந்தாக ஏறி இறங்கினோம். பேச்சியம்மாளின் புள்ளியில் சிக்கல் இல்லை: நோய் கண்டறியப்பட்டபோது அவர் வாழ்ந்தது கிராமத்தில், அங்கே போய்ச் சேர்ந்தது. சிக்கல் படிவத்தின் இன்னொரு கட்டத்தில். ஆண்டுக்கு ஒருமுறை நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதற்காக, 'தற்போது வசிக்கும் இடம்' என்று ஒன்றைக் குறித்து வைக்கிறோம். அதில் அந்தக் கிராமம் என்று எழுதினால் அவர் அக்காவின் வீட்டில் தங்கியிருக்கும் நோயாளி, வெளியேற வேண்டும். அக்காவின் கதவு எண்ணை எழுதினால் அவர் அந்த வீட்டு ஆள். அக்காவைக் கேட்க முடியாது. நான் போனேன்.

கிராமத்தில் மகன் ரேஷன் அட்டையைக் காட்டினார். அம்மாவின் பெயர் அதில் இருந்தது. அம்மா எங்கே என்றதற்கு, "மதுரையில சௌரியமா இருக்கு" என்றார், அட்டையை மடித்துக்கொண்டே. அதே மாலை தெற்குவாசலுக்குப் போனேன். பேச்சியம்மாள் மொட்டை மாடியில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு கேள்வி தெரியவில்லை. போன பொங்கலுக்கு எங்கே பொங்கல் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"இந்தா, இங்கதான். இந்த மூலையில மூணு கல்லு வச்சு" என்றார். "நூர்ஜஹான் இருக்காளே, அவ கரண்டியும் கையுமா நின்னு கேசரி கிண்டுறாப்புல கிண்டுறா. பொங்கவிடு ஆத்தா, பொங்கவிடுன்னு நான் கத்துறேன். கடைசியில பள்ளிவாசப் பக்கமா பொங்குச்சு. அது நல்லதுதான்னு சொல்லிருச்சு மும்தாஜு."

ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து அங்கே வசிப்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். பிறகு அக்காவின் கதவு எண்ணை எழுதினேன். மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். மாடியறை மூடப்பட்டது, பேச்சியம்மாள் கீழே, சகோதரிகளின் அறைக்கு அடுத்த அறைக்கு வந்தார். திருத்திய வரைபடத்தில் அந்தத் தெரு அடுத்த தெருக்களைப் போலவே ஆகிவிட்டது. மனுப் பேச்சு அடங்கியது. அக்கா காதர் பாயிடம் சொன்னதைப் பாண்டி அண்ணன் எங்களிடம் நடித்துக் காட்டினார்: "உங்க பட்டறை மேல பழி இல்ல பாய். அதுக்காக மூக்குல துணி கட்டாம வேலை பாக்காதீங்க. அது வேற கணக்கு." அதன் பிறகு மருத்துவமனை வராண்டாக்களில் படுத்திருப்பவர்களைக் கடக்கும்போது அக்கா வேகமாக நடந்ததை மட்டும் கவனித்திருக்கிறேன்.  

அக்கா இறந்தது மார்கழியில். எங்கள் கணக்கில் அவர் வரமாட்டார். இதயம் நின்று போனவர்களை வேறு யாரோ எண்ணுகிறார்கள். அவருடைய நாற்காலியில் இன்னும் யாரையும் அமர்த்தவில்லை. ஆண்டு விசாரிப்புக்கான பெயர்கள் மாசியில் வந்தபோது அவற்றில் பேச்சியம்மாள் இருந்தார். அடக்கத்தன்று அந்த உறவுக்காரர் கேட்ட கேள்வி எனக்கு நினைவு வந்தது: அந்தம்மா யாரு? எந்த அக்காவால் அவர் அந்த வீட்டு ஆள் ஆனாரோ அவர் இப்போது இல்லை. கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அழைத்தேன். நூர்ஜஹான் எடுத்தார். பேச்சியம்மாள் எங்கே என்றேன். "இங்கதான் இருக்காங்க" என்றார். அந்த வீட்டில் அந்தப் பதிலுக்கு உள்ள வரலாறு எனக்குத் தெரியும் என்பதால், தொலைபேசியைப் பேச்சியம்மாளிடமே கொடுக்கச் சொன்னேன். உடம்பு எப்படி, மருத்துவரைப் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தேன். போன பொங்கலுக்கு எங்கே பொங்கல் வைத்தீர்கள்?



"பொங்கலா? எங்கிட்டு வைக்க?" என்றார் பேச்சியம்மாள். "வீட்ல சாவு விழுந்துருக்கு. வருசம் திரும்பாம பொங்கல் வைப்பாகளா? மும்தாஜு கூட இம்புட்டு நாள் இருந்த, இதுகூடத் தெரியாதா தாயி?"

மும்தாஜ் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதை இனி நான் கேட்டுக்கொண்டிருப்பேன், வாடகைக் கேள்விக்கு முன்னால், அவர் சொன்ன வரிசையிலேயே. அதற்கு இப்படியும் ஒரு பதில் வரும் என்று அவருக்குச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். பதில் ஏதாவது வைத்திருப்பார்.

தற்போது வசிக்கும் இடம்: மாற்றம் இல்லை என்று எழுதினேன்.